பாலித் தீவில் அடித்த மூன்று விசில்

பருத்திப்பட்டு, ஆவடி.
வெள்ளிக்கிழமை காலை.

மரியாதைக்கும், இந்தக் கடிதத்தை முடிக்கும்வரை கொஞ்சம் பொறுமைக்கும் உரிய சம்பந்தி திரு. ஜெகதீசன் அவர்களுக்கு,

நடேசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் கோமளாவும் சுகம். அங்கே நீங்களும் தாட்சாயிணி அம்மாளும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீங்கள் சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதற்குக் காரணம் நான்தான் என்பதும் தெரியும். ஆகவே அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

முகப்பேர் என்ன அடுத்த தேசமா, ஒரு பஸ் ஏறினால் வந்துவிடலாமே, இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் யோசிப்பீர்கள். போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். நீங்கள் "சொல்லுங்க சம்மந்தி" என்று எடுத்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டு, முதல் முறை உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்டேன், இரண்டாம் முறை குடிதண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன், மூன்றாம் முறை மறுபடியும் மழையையே கேட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன மாதம் என் முதுகுப் படையைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புகிறேன் என்று நம் குடும்பக் குழுவில் இருபத்து மூன்று பேருக்கும் அனுப்பினேனே, அந்த பயம் இன்னும் போகவில்லை. காகிதம் ஒன்றுதான் எழுதியவனுக்கும் படிப்பவருக்கும் நடுவில் நிற்கும்.

விஷயம் இதுதான். பாலித் தீவில் அன்றைக்கு விசில் அடித்தது நீங்கள் இல்லை.

எழுதிவிட்டேன். எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். அந்தப் பயணம் பிள்ளைகள் தங்களுக்காகப் பார்த்து வைத்திருந்தது. எங்கள் அகல்யாவுக்கு நாள் தள்ளிப்போய், டாக்டர் பிளேன் ஏறக் கூடாது என்றதும், "நீங்க நாலு பேராவது போய்ட்டு வாங்க" என்று உங்கள் பையன் சரவணக்குமார் டிக்கெட் போட்டார். அதுவும் பாலிக்காரர்களுடைய வருஷப் பிறப்புக்குச் சரியாகப் போய் இறங்குகிற மாதிரி. கிளம்புவதற்கு முதல் நாள் அகல்யா என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, குக்கர் கிக்கர்னு எதையாவது எடுத்துட்டுப் போயி மானத்த வாங்காதீங்க" என்றாள். நான் சிரித்தேன். குக்கர் அப்போதே என் இரண்டு வேட்டிகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது, இண்டக்ஷன் அடுப்பு கோமளாவின் பெட்டிக்கு அடியில் இருந்தது. (இந்த இடத்தில் 'கோமளாதான் எடுத்து வைத்தாள்' என்று முதலில் எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். அடித்தது தெரியும். தெரியட்டும்.) முப்பத்தெட்டு வருஷம் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பன்னிரண்டரை மணிக்குச் சூடு பறக்கச் சோறு சாப்பிட்ட உடம்பு, சம்பந்தி. அதற்கு நாடு, கடல், தீவு எதுவும் கணக்கில் இல்லை.

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த பூதங்களை, ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம் இருக்கும், முப்பது நாற்பது பேர் தோளில் தூக்கிக்கொண்டு, பாத்திரத்தைத் தட்டி, தகரத்தை அடித்து, ஊரில் ஒரு கெட்டதும் மிச்சமில்லாமல் விரட்டுகிறோம் என்று வந்தார்களே, நம் விடுதிக்காரர் நியோமன்கூட அதில் ஒரு மூலையைத் தூக்கியிருந்தார். முச்சந்தியில் அந்தப் பூதத்தைத் திருப்ப முடியாமல் ஒரு கை கரண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். நீங்கள்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், சாவிக்கொத்திலிருந்த உங்கள் கண்டக்டர் விசிலை எடுத்து ஊதி, "தோ பாரு நைனா, அப்டியே ரிவர்ஸ் வா, இன்னும் வா, இன்னும் வா, ஹோல்டான்! இப்ப லெஃப்ட்டுல ஒடி... ரைட், போலாம் ரைட்!" என்றீர்கள். ஒரு வார்த்தை அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனால் பூதம் திரும்பியது. ஊரே உங்களைப் பார்த்துக் கைதட்டியது. முப்பத்தொரு வருஷம் ஆவடி வழித்தடத்தில் நீங்கள் ஊதிய விசில் அது என்று நான் நியோமனுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். அதையும் நான்தான் சொல்லி வைத்தேன், பாருங்கள்.

அப்புறம் நியோமன் நம் நால்வரையும் உட்காரவைத்து மறுநாளைக்கு நான்கு கட்டுப்பாடுகள் சொன்னார். தீ மூட்டக் கூடாது, விளக்கும் கூடாது. வேலை செய்யக் கூடாது. வாசல் தாண்டக் கூடாது. ஆட்டம் பாட்டம் கூச்சல் கூடாது. காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறுவரை தீவு முழுக்க இப்படித்தான், விமானம்கூட இறங்காது. முந்தின நாள் விரட்டின பூதங்கள் மேலேயிருந்து எட்டிப் பார்க்குமாம், சத்தமும் வெளிச்சமும் இல்லாவிட்டால் ஆளில்லாத தீவு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுமாம். கேட்டதும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் நான் என்பதும், காலை ஆறு மணிக்கு முன்னால் மிக்ஸி ஓடக் கூடாது என்று மூன்று சுற்றறிக்கை ஒட்டியவன் நான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் நியோமனிடம் அரைமணி நேரம் சொன்னேன். "உங்களைப் போன்ற விருந்தாளி கிடைப்பது அபூர்வம்" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைத்தான் இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அந்த அமைதியை நீங்களும் கேட்டீர்கள். ஒரு வண்டி இல்லை, ஒரு ரேடியோ இல்லை, மொபைலில் சிக்னல்கூட இல்லை. பக்கத்து வீட்டுக் கோழி மண்ணைக் கீறுவது கேட்டது. நியோமனின் மனைவி முதல் நாளே பொட்டலம் கட்டி வைத்த சோறும் வாழைப்பழமும் மேஜைமேல் இருந்தன. நீங்கள் எட்டு மணிக்கே அதைச் சாப்பிட்டுவிட்டு "நல்லாதான் கீது சம்மந்தி" என்று மெதுவாகச் சொல்லி, முன்கட்டு மரப்பலகையில் படுத்துத் தூங்கிவிட்டீர்கள். தாட்சாயிணி அம்மாள் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே தூங்கிவிட்டார்கள். மணி பன்னிரண்டாயிற்று. எனக்குள் ஸ்டோர்ஸ் சங்கு ஊதிவிட்டது. நான் கோமளாவிடம், தீ மூட்டக் கூடாது என்றுதானே சொன்னார், இந்த அடுப்பில் தீயே கிடையாதே என்றேன். அவள், "விசில் வருமே?" என்றாள். வராது, வருவதற்குள் நான் அணைத்துவிடுவேன், இதைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவனா நான் என்றேன். "என்னவோ பண்ணுங்க, நான் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள்.

திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்டு, அறை இருட்டாக, குக்கர்மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். முதல் விசில் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யார் கண்டது? நம் வீட்டில் அந்தச் சத்தத்தைக் காதிலேயே வாங்க மாட்டோம், சம்பந்தி. பஸ்ஸும் மிக்ஸியும் டிவியும் சேர்ந்து அதை விழுங்கிவிடும். அங்கே விழுங்க ஒன்றும் இல்லை. அணைக்கிற பொத்தான் என்று நினைத்து இருட்டில் சூட்டைக் கூட்டுகிற பொத்தானை அழுத்திவிட்டேன். இரண்டாவது விசில். தலையணையை எடுத்து குக்கரைக் கட்டிப்பிடித்தேன், கை சுட்டது, விட்டேன். மூன்றாவது. அதற்குப் பிறகுதான் சுவரில் பிளக் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்து பிடுங்கினேன். விசில் நின்றது. ஊரில் எங்கேயோ ஒரு நாய் எழுந்து குரைத்தது, அதைப் பார்த்து இன்னொன்று குரைத்தது. மேலே சுற்றுகிற பூதங்களுக்கு முழு விலாசம் கொடுத்துவிட்டேன் என்று புரிந்தது.

இனிமேல்தான் எழுதக் கை வராத பகுதி. குக்கரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு முன்கட்டுக்கு வந்தேன். கறுப்புச் சட்டையும் கட்டம் போட்ட இடுப்புத் துணியுமாக ஊர்க்காவலர் இரண்டு பேர் செருப்புச் சத்தம் கேட்காமல் வாசலுக்கு வந்துவிட்டார்கள், அவர்களுக்குப் பின்னால் நியோமன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள். அவர் வீட்டிலிருந்து சத்தம் வந்ததென்றால் ஊர் மண்டபத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களில் பெரியவர் விரலை உதட்டில் வைத்து விசில் ஊதுகிற மாதிரி காட்டி, கையை விரித்தார். யார் என்று கேட்கிறார். நீங்கள் பலகையில் மல்லாந்து தூங்குகிறீர்கள். சாவிக்கொத்து உங்கள் மார்மேல் கிடக்கிறது, அதில் அந்த விசில் பளபளவென்று தெரிகிறது. முதலில் என் கண்தான் அங்கே போனது. கண் தானாகப் போயிற்று என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் விரலும் போனது. விரல் தானாகப் போகாது. நான்தான் காட்டினேன், சம்பந்தி. இந்த வலது கை ஆள்காட்டி விரல், இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறதே, இதேதான்.

நீங்கள் எழுந்து உட்கார்ந்து மூன்று பேரையும் பார்த்து, "இன்னா ஆச்சு?" என்றீர்கள். நியோமன் விசிலைக் காட்டினார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "தூக்கத்துல ஊதிட்டேனா சம்மந்தி?" என்று கேட்டீர்கள். ஒரு வார்த்தை போதும். 'இல்லை' என்று இரண்டே எழுத்து சொல்லியிருக்கலாம். (இல்லை, மூன்று எழுத்து. எனக்கு எண்ணக்கூட வரவில்லை.) நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை நீங்கள் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் குனிந்தேன். "வேலைல இருந்தப்பவே தூக்கத்துல ரைட் ரைட்னு கத்துவேன்னு ஊட்ல சொல்லுவாங்க, ஊதுற அளவுக்குப் பூட்சா!" என்று சொல்லி, சாவிக்கொத்திலிருந்து அந்த விசிலைக் கழற்றி, இரண்டு கையாலும் அந்தப் பெரியவரிடம் நீட்டினீர்கள். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர்கள் போனதும் என் காதுக்குள் சொன்னீர்கள்: "ஊட்ல சொல்லாதீங்க சம்மந்தி, மானம் பூடும்." சொல்ல மாட்டேன் என்று நான் உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள்.

கோமளா குளித்துவிட்டு வந்து கேட்டதற்கு, ஆள் வந்தார்கள், மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன் என்றேன். அந்தச் சோறு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். சாப்பிட்டேன். பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டு, கட்டிலுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே வெந்திருந்தது.

அதற்கு மறுநாள் அவர்களுடைய வழக்கப்படி வீடுவீடாகப் போய் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற நாள். பெண்கள் இருவரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நியோமன் உங்களை ஊர் மண்டபத்துக்குக் கூட்டிப் போனார், துணைக்கு நானும் வந்தேன். நீங்கள் அத்தனை பேருக்கும் முன்னால் கையைக் கூப்பி, "தெரியாம பண்ட்டேன், மன்சுல வெச்சுக்காதீங்க" என்றீர்கள். அந்த ஊர்ப் பெரியவர்கள் எழுந்து வந்து உங்களைத் தொட்டு, தீர்த்தம் தெளித்து, நெற்றியில் அரிசி ஒட்டி, காதோரம் ஒரு பூவும் வைத்தார்கள். நான் பின்வரிசையில் உங்கள் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பொறாமை! தப்பு என்னுடையது, மன்னிப்பு மட்டும் உங்களுக்குப் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது. அது போதாதென்று, திரும்பி வரும் வழியில் நியோமன் என் முன்னால் நின்று கைகூப்பி, விருந்தாளிக்கு என்னால் ஏதும் குறை நேர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் அவர் தோளைத் தட்டி, பரவாயில்லை, மன்னித்தேன் என்றேன். கேட்டீர்களா? நான் அவரை மன்னித்தேன்!

உங்கள் விசிலைப் பூட்டி வைத்த ஆள் மன்னிப்புக் கேட்க மாமியார் ஊருக்குப் போய்விட்டதால் அது கைக்கு வரவில்லை, நமக்கோ சாயங்காலம் பிளேன். வீட்டில் விசில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டீர்கள். நானும் இரண்டு மூன்று நாளில் எல்லாம் மறந்துபோகும் என்றுதான் இருந்தேன். நான்கு மாதம் ஓடிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை தாட்சாயிணி அம்மாள் கோமளாவுக்குப் போன் செய்து ஒரே அழுகை. நீங்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்குகிறீர்களாம். தூக்கத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை, புத்தி பிசகுகிறதோ என்று டாக்டரிடம் போய்க் கேட்டீர்களாம், அவர் துருவித் துருவிக் கேட்டபோதுதான் பாலி விஷயம் வெளியே வந்ததாம். தெருவில் யாரைக் கூப்பிடுவதற்கும் குரலை உயர்த்துவதில்லையாம், பஸ்ஸில் போனால்கூட 'ரைட்' சொல்வதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வரவில்லை என்றும், "கொய்ந்த பொறந்தாலும் நான் தூக்க மாட்டேன், என்ன நம்பிக் குடுக்காதீங்க" என்றும் சொன்னீர்களாம். மாமனார் தன்மேல் ஏதோ கோபமாக இருக்கிறார் என்று அகல்யா இங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

கோமளா போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவர் ஊதலியே. அது நம்ம குக்கராச்சே" என்றாள். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து குக்கர் ஃப்ரிட்ஜ்மேல் உட்கார்ந்திருக்கிறது. சோறு பானையில்தான் வேகிறது. என்னிடம் அவள் பேசுகிற ஒரே வாக்கியம், "எப்ப சொல்லப் போறீங்க?"

ஆகவே சொல்லிவிட்டேன். உங்கள் புத்திக்கு ஒன்றும் இல்லை, சம்பந்தி. அது ஆடாமல் அசையாமல் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் குறட்டைகூட விடாமல் தூங்கினீர்கள், அதற்கு நான் சாட்சி. வாயிலிருந்து துண்டை அவிழ்த்துப் போடுங்கள். பேரக் குழந்தையை முதலில் தூக்கப் போவது உங்கள் கைதான். அதை எங்கள் வீட்டு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை, அத்தனை உறவுக்கும் முன்னால், மைக்கைப் பிடித்து நானே சொல்லப் போகிறேன். விசில் அடித்தது என் குக்கர், விரல் காட்டியது நான், மன்னிப்புக் கேட்க வேண்டியவனும் நான் என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன். நீங்கள் கட்டாயம் வர வேண்டும். வந்து, முடிந்தால், மன்னிக்க வேண்டும். முடியாவிட்டாலும் வர வேண்டும்.

தாட்சாயிணி அம்மாளுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் எல்லா ஆசீர்வாதமும் உங்கள் வாயாலேயே, சத்தமாக, கிடைக்கட்டும்.

தலைகுனிந்து,
நடேசன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை போன் செய்தார். நியோமன் தன் தாயாருடன் காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று கோயில் யாத்திரை வருகிறாராம். நாளைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கி, வளைகாப்பும் பார்த்துவிட்டுத்தான் போவாராம். உங்கள் விசிலை உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று பத்திரமாகக் கொண்டுவருகிறாராம். இதைக் கேட்ட சந்தோஷத்தில், எங்கள் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், 'அமைதி பற்றி பாலி விருந்தினர் உரை. தலைமை: செயலாளர் நடேசன்' என்று எழுதி ஒட்டிவிட்டேன். இனிமேல் கிழிக்க முடியாது. ஆகையால் மைக் விஷயத்தைக் குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்றைக்குத் தள்ளி வைக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் மனதுக்கு உண்மை தெரிந்துவிட்டது, அதுதானே முக்கியம்? நியோமனைப் பொறுத்தவரை இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊதியது நீங்களாகவே இருந்துவிடுங்கள். அவருக்கும் உங்கள்மேல்தான் மதிப்பு. எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அவர் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் நம் ஆட்டோக்காரர் டில்லிபாபுவிடம் இந்தக் கடிதத்தோடு குக்கரையும் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு நாள் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கட்டும். ந.

அண்ணா, நான் கோமளா எழுதுறேன். இவர் எழுதினது எல்லாத்தையும் படிச்சுட்டேன். கடுதாசி முழுக்க உண்மை, பின்குறிப்பு மட்டும் இவரோட குணம். அறிவிப்ப நானே கிழிச்சுட்டேன். நாளைக்கு நியோமன் வந்து இறங்கினதும் முதல் வேலையா இவர்தான் வாயத் தொறந்து சொல்லணும், நீங்க பக்கத்துல நிக்கணும். குக்கரோட சேத்து இவரையும் டில்லிபாபு ஆட்டோவுல ஏத்தி அனுப்பியிருக்கேன். கடுதாசிய டில்லிபாபு மேல கொண்டாந்து குடுப்பார். இவர் மடியில குக்கர வெச்சுக்கிட்டு கீழ ஆட்டோவுலயேதான் உக்காந்திருப்பார், மாடிப்படி ஏறத் தைரியம் வராது. நீங்க துண்ட அவுத்துப் போட்டுட்டு பால்கனிக்கு வந்து, தெருவுக்கே கேக்கற மாதிரி ஒரு 'ரைட்' குடுங்க. வந்துடுவார்.